கச்சேரிக் குறிப்பேட்டிலிருந்து புத்தகம் வரை: கர்நாடக இசை விமர்சகருக்கான வழிமுறை

கச்சேரி விமர்சனம் எழுத மேடையேறிப் பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தாளம் போடத் தெரியாமலும் ஸ்வரம் காதில் பிரியாமலும் எழுதவே கூடாது. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி எழுதிய பத்திகளும், டெல்லியிலிருந்து சுப்புடு எழுதிய விமர்சனங்களும் இந்தத் துறைக்குப் பொது வாசகர்களைத் தேடித் தந்தன. அவர்களைப் படித்துவிட்டு எழுத வருபவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய நடையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த நடைக்குப் பின்னால் வருடக்கணக்காகக் கேட்ட காது இருந்தது. அந்தக் காதை எப்படித் தயார் செய்வது, கேட்டதை எப்படிக் குறிப்பெடுப்பது, அந்தக் குறிப்பு விமர்சனமாகவும் பிறகு புத்தகமாகவும் எப்படி மாறுகிறது என்பதே இங்கே விஷயம்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விதி. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு தீர்ப்பும் கச்சேரியின் எந்த இடத்தில் பிறந்தது என்று உங்களால் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாத வரியை அடித்துவிடுங்கள், அது பாராட்டாக இருந்தாலும்.

காதைத் தயார் செய்தல்

ஆசிரியர் ஒருவரிடம் சரளி வரிசை, ஜண்டை, அலங்காரம், கீதம் கடந்து நாலைந்து வர்ணம் வரை கற்றுக்கொள்ளுங்கள். குரல் நன்றாக இல்லாவிட்டால் பாதகமில்லை. கமகம் என்னும் ஸ்வர அசைவு தொண்டையில் என்ன செய்கிறது, ஒரு கார்வையை, அதாவது நீட்டி நிற்கும் ஸ்வரத்தை, அசையாமல் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதெல்லாம் பாடிப் பார்த்தால்தான் தெரியும். அது தெரியாதவர்கள் எளிதான பிருகாவை, அதாவது வேகமான ஸ்வரச் சரத்தை, புகழ்வார்கள், கடினமான நேர்க் கார்வையைக் கவனிக்காமல் விடுவார்கள்.

தாளத்தில் 35 வகையையும் மனப்பாடம் செய்துவிட்டு வர வேண்டாம். ஆதி, ரூபகம், மிஸ்ர சாபு, கண்ட சாபு ஆகிய நான்கும் கை தவறாமல் வந்தால் கச்சேரியின் பெரும்பகுதி பிடிபடும். எடுப்பைத்தான், அதாவது தாளச் சுற்றில் பாட்டு தொடங்கும் இடத்தைத்தான், தனியாகப் பழக வேண்டும். ஆதி தாளத்தில் சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) தொடங்கும் பாட்டையும் ஒன்றரை எண்ணிக்கை தள்ளித் தொடங்கும் பாட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு, மேடையிலேயே கற்பனையாகப் பாடும் கல்பனா ஸ்வரம் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் வந்து விழுகிறதா என்று பாருங்கள். மிருதங்கக்காரர் கோர்வை என்னும் முத்தாய்ப்பை முடிக்கும் இடத்தை உங்கள் கையும் முன்கூட்டியே எதிர்பார்க்கத் தொடங்கினால், தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தைப் பற்றி எழுதலாம். அதுவரை ‘தனி நிறைவாக இருந்தது’ என்றுகூட எழுதாமல், எவ்வளவு நேரம், எந்த நடைகள் (ஓர் எண்ணிக்கைக்குள் எத்தனை உட்பிரிவு), கடைசிக் கோர்வை சரியாக விழுந்ததா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ராகத்துக்கு, முதலில் 30 ராகங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு உருப்படிகளின் (பாட்டுகளின்) பல்லவி வரியாவது மனதில் இருக்க வேண்டும். கச்சேரியில் பெயர் தெரியாத ஆலாபனை வரும்போது காது முதலில் தேடுவது ஆரோகண அவரோகணத்தை அல்ல, தெரிந்த ஒரு பாட்டின் சாயலை. அதற்கடுத்த படி, ஒன்றுபோல் தோன்றும் ராகங்களை ஜோடியாக வைத்துக் கேட்பது: ஆரபி–தேவகாந்தாரி, தர்பார்–நாயகி, பைரவி–மாஞ்சி, சுருட்டி–கேதாரகௌளை. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் காகிதத்தில் எழுதினால் ஏறுவரிசை இறங்குவரிசை ஒன்றே. ஆரபி அசைவு குறைந்த ஸ்வரங்களோடு விறுவிறுப்பாகச் செல்லும். காந்தாரமும் நிஷாதமும் தொட்டுவிட்டு நகரும். தேவகாந்தாரி சௌக காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், நீண்ட அசைவுகளோடு வளரும். இந்த வேறுபாட்டைக் கேட்டு உணர்ந்த பிறகு, ‘ராக பாவம்’ என்ற சொல்லை நீங்கள் வெறும் அலங்காரமாகப் பயன்படுத்த மாட்டீர்கள்.

அரைகுறை அறிவு இங்கேதான் ஆபத்து. தாய் ராகங்களின் மேளகர்த்தா அட்டவணையை மட்டும் நம்பியவர், காம்போதியில் ‘ஸ நி ப த ஸ’ என்ற பிடியில் (ராகத்தின் அடையாளச் சொற்றொடரில்) அந்த அட்டவணை சொல்லாத காகலி நிஷாதம் ஒலிக்கும்போது அபஸ்வரம் என்று குறித்துக்கொள்வார். அது காம்போதியின் உயிரான பிடி. அதேபோல் சங்கராபரணத்தின் நடுவே பாடகர் காந்தாரத்தை ஆதாரமாக்கினால் தோடியும், மத்யமத்தை ஆதாரமாக்கினால் கல்யாணியும் தலைகாட்டும். ஆதார ஸ்வரத்தை மாற்றும் இந்த உத்தி கிரகபேதம் என்று தெரியாதவருக்கு அது ராகத்தைத் தவறவிட்டதாகப் படும். தவறு என்று குறித்த ஒவ்வொன்றையும் வீட்டுக்கு வந்து சரிபார்க்கும் பழக்கம், விமர்சகரின் பெயரைக் காப்பாற்றும் முதல் பழக்கம்.

எங்கே தொடங்குவது

சென்னையில் மார்கழி சீசனில் பெரிய மேடைகளின் மாலைக் கச்சேரிகளுக்கு எழுத ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். பகல் 12 மணியை ஒட்டி நடக்கும் இளம் கலைஞர்களின் கச்சேரிகளுக்குத்தான் எழுத ஆள் இல்லை. பல சபாக்களில் அவற்றுக்கு அனுமதி இலவசம். அங்கே தொடங்குங்கள். ஒன்றரை மணி நேரக் கச்சேரி, கூட்டம் குறைவு, நல்ல இடத்தில் உட்காரலாம். இன்னொரு நன்மை, பெயரின் பாரம் இல்லாமல் கேட்கலாம். புகழ்பெற்றவர் பாடினால் நல்லது என்று காது முன்கூட்டியே முடிவு செய்துவிடும். அறிமுகமில்லாதவர் பாடும்போது அந்தச் சலுகை கிடையாது.

காலை வேளைகளில் மியூசிக் அகாதெமியில் நடக்கும் செயல்விளக்க உரைகளையும் விடாதீர்கள். ஒரு பாடாந்தரம், அதாவது ஒரு குரு வழியில் பாட்டு பாடப்படும் வடிவம், ஏன் அப்படி இருக்கிறது, ஒரு ராகத்தின் பெயர் எப்படி மாறியது என்பதெல்லாம் கச்சேரியில் யாரும் விளக்க மாட்டார்கள்.

பத்திரிகைக்கு அனுப்பும் மாதிரிகள் மூன்று இருக்கட்டும்: ஒரு வாய்ப்பாட்டு, ஒரு வாத்தியம், ஒரு செயல்விளக்க உரை. ஒவ்வொன்றும் 350 முதல் 400 சொற்களுக்குள். ஆசிரியர் குழு முதலில் பார்ப்பது உங்கள் ரசனையை அல்ல. பெயர்கள் சரியா, சொன்ன அளவில் நிற்கிறதா, மறுநாள் காலைக்குள் வந்துவிடுமா என்பதைத்தான். சீசனில் மூன்று நாள் தாமதமான விமர்சனத்துக்கு இடமே கிடையாது. சீசன் ஆரம்பித்த பிறகு கேட்டுப் போவதும் வீண். அக்டோபரிலேயே மாதிரிகளோடு அணுகுங்கள்.

அரங்கில்

முதல் வரிசை மரியாதையான இடம், ஆனால் கேட்பதற்கு மோசமான இடம். மேடையிலிருந்து மிருதங்கம் நேரடியாகக் காதில் விழும், கலைஞர்களை நோக்கி வைத்த ஒலிபெருக்கியின் சத்தமும் கலக்கும். கூடத்துக்குப் போகும் சமநிலை கிடைக்காது. பால்கனிக்கு அடியில் கடைசி வரிசைகளில் கீழ் ஒலிகள் திரண்டு எல்லாமே மந்தமாகும். கூடத்தின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை, நடுப்பகுதியில் உட்காருங்கள். வயலின் கேட்கவில்லை என்று எழுதும் முன், இரண்டு உருப்படிகளுக்கு நடுவே எழுந்துபோய் இன்னொரு மூலையில் ஐந்து நிமிடம் நின்று கேட்டுப் பாருங்கள். ஒலியமைப்பின் குறையைக் கலைஞர் தலையில் கட்டுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் அநியாயம்.

குறிப்பேடு சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில், பேனாவுக்குப் பதில் பென்சில். வெளிச்சம் குறைந்த அரங்கில் பென்சில்தான் கைகொடுக்கும். கைபேசி வெளிச்சம் பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு. இடது பக்கம் முழுக்கத் தகவல், வலது பக்கம் முழுக்க உங்கள் எதிர்வினை. இரண்டையும் கலக்காதீர்கள். தகவல் பக்கத்தில் ஒவ்வொரு உருப்படிக்கும் தொடங்கிய நேரம், பல்லவியின் முதல் இரண்டு சொற்கள், ராகம், தாளம், இயற்றியவர், நிரவலுக்கு (ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடுவதற்கு) எடுத்த வரி, ஸ்வரத்துக்கு நின்ற இடம். ஆலாபனைக்கு மட்டும் கூடுதலாக, தார ஸட்ஜத்தைத் தொட்ட நிமிடம். இந்த ஒரு எண் பிறகு நிறையச் சொல்லும். பத்து நிமிட ஆலாபனையில் இரண்டாவது நிமிடத்திலேயே மேல் ஸட்ஜத்துக்குப் போனவரும் ஏழாவது நிமிடம் வரை காத்திருந்தவரும் ராகத்தை வேறு வேறு விதமாகக் கட்டுகிறார்கள்.

ராகம் தெரியவில்லையா? பக்கத்தில் இருப்பவரைக் கேட்காதீர்கள், அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். தம்புராவிலிருந்து ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றை மட்டும் குறியுங்கள்: மத்யமம் சுத்தமா பிரதியா, காந்தாரம் சாதாரணமா அந்தரமா, எந்த ஸ்வரத்தில் திரும்பத் திரும்ப நிற்கிறார். பல்லவியின் இரு சொற்களோடு இது சேர்ந்தால் கீர்த்தனை அடைவு (அகரவரிசைப் பட்டியல்) நூலில் அன்றிரவே கண்டுபிடித்துவிடலாம்.

சுருதி விலகல் பற்றிய குறிப்பில் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். குரல் பொதுவாக விலகும் இடங்கள் சில உண்டு. தார ஸ்தாயி பஞ்சமத்திலிருந்து இறங்கும்போது, துரித கால ஸ்வரத்தின் முடிவில், இரண்டு மணி நேரம் கடந்த பிறகு. சுருதியின் அளவான கட்டையில் சொன்னால், பெண் குரல் 5 கட்டையை ஒட்டியும் ஆண் குரல் 1 கட்டையை ஒட்டியும் இருப்பது பரவலான வழக்கம். சுருதி வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் மேல் ஸ்தாயி எளிதாகும், கீழ் ஸ்தாயியான மந்திரத்தில் குரல் கேட்காமல் போகலாம். அன்றைய குரல் நிலையைப் புரிந்துகொள்ள இது உதவும்.

மிருதங்கம் சுருதி இறங்கினால் உடனே வாசிப்பவரைக் குறை சொல்ல வேண்டாம். தோல் ஈரத்தை உறிஞ்சினால் தளர்ந்து சுருதி இறங்கும், வறண்ட சூட்டில் இறுகி ஏறும். விளக்குச் சூடும் குளிர்சாதனமும் மாறி மாறி வரும் மேடையில் இது இரண்டும் நடக்கும். மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியில் வைத்த ரவை காய்ந்து போவதும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி, உருப்படிகளுக்கு நடுவே அவர் அதைக் கவனித்துச் சரிசெய்தாரா என்பதே.

ராகம் தானம் பல்லவிக்கு ஒரு பக்கம் முழுதாக ஒதுக்குங்கள். இரண்டு களை (ஒவ்வொரு எண்ணிக்கையும் இரட்டிப்பான) ஆதி தாளம் என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 64 மாத்திரை. பல்லவி வரியை எழுதி, எடுப்பு, அருதி (வரியின் நடுவே நிற்கும் இடம்) இரண்டையும் கோடிட்டுக் குறியுங்கள். திரிகாலம் (மூன்று வேகம்) செய்தாரா, திஸ்ரம் (மூன்றின் கணக்கு) செய்தாரா, தாளத்தை மாற்றாமல் சாகித்யத்தின் வேகத்தைத்தான் மாற்றினாரா என்பதை உடனுக்குடன் எழுதாவிட்டால் வீட்டுக்கு வரும்போது மறந்திருக்கும்.

கைபேசியில் பதிவு செய்துகொண்டால் போதுமே என்று தோன்றும். அனுமதியில்லாமல் பதிவு செய்வது கலைஞரின் உரிமையை மீறுவது. தவிர, பதிவு இருக்கிறது என்ற தைரியத்தில் காது சோம்பிவிடும்.

எழுதும் இரவு

அன்றிரவே எழுதிவிடுங்கள். முதலில் தகவல் பக்கத்தைச் சரிபாருங்கள். பாட்டுக்குள் வரும் முத்திரைச் சொல் இருந்தால் மட்டுமே இயற்றியவரை உறுதியாகச் சொல்லுங்கள்: தியாகராஜருக்குத் தம் பெயர், தீட்சிதருக்கு ‘குருகுஹ’, சியாமா சாஸ்திரிக்கு ‘சியாமகிருஷ்ண’. முத்திரை பெரும்பாலும் சரணத்தில் வரும். மேடையில் சரணம் பாடாமல் விட்டால் அச்சிட்ட நூலைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ராகப் பெயரில் சம்பிரதாய வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். தீட்சிதர் வழியில் சிவபந்துவராளி என்று வருவதும் பிறர் சுபபந்துவராளி என்று சொல்வதும் 45ஆவது மேளத்தையே. வெறும் பந்துவராளி என்பது 51ஆவதான காமவர்த்தினி. இந்த மூன்றையும் குழப்பி அச்சான விமர்சனங்கள் ஏராளம். தீட்சிதர் கீர்த்தனையின் பாடாந்தரத்தைப் பற்றி ஏதாவது சொல்வதாக இருந்தால், சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினியில் கமகக் குறிகளோடு உள்ள வடிவத்தைப் பார்க்காமல் சொல்லாதீர்கள். மேடையில் கேட்டது அதிலிருந்து வேறுபட்டால் அது தவறு என்று பொருளில்லை. எந்த வழி வந்தது என்று விசாரிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

அடுத்து, வலது பக்கத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இந்தக் கச்சேரியில் வேறெங்கும் கேட்டிருக்க முடியாதது எது? அதுதான் முதல் பத்தி. அன்று பாடிய எட்டு உருப்படிகளையும் வரிசையாக எழுதுவது விமர்சனம் ஆகாது. 400 சொல்லில் ஏறக்குறைய 150 பிரதான ராகத்துக்கு, 80 பக்கவாத்தியத்துக்கு, 50 தனி ஆவர்த்தனத்துக்கு. மீதி இரண்டு உருப்படிகளைத் தொட்டுச் செல்லப் போதும். சொல்ல எதுவும் இல்லாத உருப்படியைச் சொல்லாமல் விடலாம். பக்கவாத்தியத்தை மட்டும் விடாதீர்கள். ‘உறுதுணையாக இருந்தனர்’ என்று கடைசி வரியில் வயலினையும் மிருதங்கத்தையும் சேர்த்து அனுப்பிவிடுவது, இரண்டரை மணி நேரம் வாசித்தவர்களுக்குச் செய்யும் அநீதி. வயலின் ஆலாபனை பாடகரின் பாதையிலேயே போனதா, வேறு ஸ்தாயியைத் திறந்ததா என்று ஒரு வரி எழுதினால்கூட அவர்களுக்கும் வாசகருக்கும் பயன்.

மொழியில் சில சொற்றொடர்களை அறவே விலக்குங்கள்: தேன்மழை பொழிந்தார், ரசிகர்களைக் கட்டிப்போட்டார், மெய்மறக்கச் செய்தார், அரங்கம் அதிர்ந்தது. இவை எந்தக் கச்சேரிக்கும் பொருந்தும், ஆகவே எதற்கும் பொருந்தாது. ‘பைரவி ஆலாபனை உள்ளத்தை உருக்கியது’ என்ற வரியை இப்படி மாற்றிப் பாருங்கள்: ‘பைரவியில் ஏறும்போது சதுஸ்ருதி தைவதமும் இறங்கும்போது சுத்த தைவதமும் ஒவ்வொரு முறையும் தெளிவாக விலகி நின்றன. நிஷாதத்தில் இருமுறை நின்று திரும்பி, மூன்றாம் முறைதான் ஸட்ஜத்துக்குப் போனார்.’ உருகியது என்று சொல்லாமலே வாசகர் அதைக் கேட்டுவிடுவார். அதே சமயம் கலைச்சொற்களால் நிரப்பியும் எழுதாதீர்கள். ஒரு பத்தியில் மூன்று கலைச்சொல் வந்தால் அடுத்த பத்தி கலைச்சொல்லே இல்லாமல் காட்சியாக இருக்கட்டும்.

குறை சொல்லும்போது செயலைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். ‘நிரவலில் தொடங்கிய காலப்பிரமாணத்தைவிட ஸ்வரத்தில் வேகம் கூடிவிட்டது’ என்பது சரிபார்க்கக்கூடிய கூற்று. ‘நிதானம் இல்லாதவர்’ என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. இருபது வயதுக் கலைஞரைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு இரண்டு மடங்கு முக்கியம். அவர் பெயரைத் தேடுபவருக்கு நீங்கள் எழுதிய ஒரே பக்கம்தான் கிடைக்கக்கூடும்.

சட்டமும் இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. பொதுமேடையில் பாடுபவர் தம் பாட்டைப் பொதுமக்களின் மதிப்பீட்டுக்கு வைக்கிறார் என்பதால், நல்லெண்ணத்தோடு அந்த நிகழ்ச்சியின் தரத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது அதில் விதிவிலக்கு. மேடையில் தெரிந்த குணத்தைப் பற்றிச் சொல்லலாம். மேடைக்கு வெளியே அவர் எப்படிப்பட்டவர், எப்படி வாய்ப்புப் பெற்றார் என்ற ஊகத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

உறவும் வருமானமும்

உங்கள் குருவையும் அவருடைய மாணவர்களையும் பற்றி விமர்சனம் எழுதாதீர்கள். விமர்சனம் எழுதும் சபாவின் மலருக்கு அதே சீசனில் பணம் வாங்கிக் கட்டுரை எழுதாதீர்கள். அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் வாழ்த்துவதைக்கூட விமர்சனம் அச்சான பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

விமர்சனத்துக்குக் கிடைக்கும் ஊதியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டு வேறு வேலையை வைத்துக்கொள்பவர்கள்தான் நேர்மையாக நீண்ட காலம் எழுதுகிறார்கள். இசைத்தட்டு வெளியீடுகளுக்குக் குறிப்பு, சாகித்யங்களுக்குப் பொருளுரை, நிகழ்ச்சித் தொகுப்புரை, இசை ரசனை வகுப்பு ஆகியவை பக்க வருமானம். ஒரு கலைஞருக்குக் கூலிக்கு எழுதினால் அவர் பெயரை உங்கள் விமர்சனப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தப் பட்டியலைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியே வையுங்கள்.

குறிப்பேடு புத்தகமாகும்போது

சில வருடம் எழுதியதும் விமர்சனங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கலாமா என்று எண்ணம் வரும். வேண்டாம். 400 சொல் விமர்சனம் 40 சேர்ந்தாலும் 16,000 சொல்தான், வாசிப்பவருக்கு ஒரே கச்சேரியை நாற்பது முறை கேட்டது போலிருக்கும். புத்தகத்துக்கு ஒரு கேள்வி வேண்டும். ஒரு வாத்தியப் பரம்பரை எப்படி மாறியது, ஒரு ராகம் மூன்று தலைமுறைக் குரல்களில் எப்படிப் பாடப்பட்டது, பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வழியாகப் பரவிய கச்சேரி முறை ஒரு மேடையில் இன்று எவ்வளவு மிச்சமிருக்கிறது. இப்படி ஒரு கேள்வியோடு பழைய குறிப்பேடுகளைத் திறந்தால் இடது பக்கத் தகவல்கள் பேசத் தொடங்கும். நேரம், நிரவல் வரி, தார ஸட்ஜம் தொட்ட நிமிடம் எல்லாம் அப்போது ஆதாரம். வலது பக்க எதிர்வினைகளில் பெரும்பாலானவை பயன்படாது.

பழைய ஒலிப்பதிவுகளைக் கையாள்வதில்தான் நூலாசிரியர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 78 வேக இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று முதல் மூன்றரை நிமிடம். அதற்குள் அடைக்கப்பட்ட பாட்டைக் கேட்டு ‘அந்தக் காலத்தில் வேகமாகப் பாடினார்கள்’ என்று முடிவுகட்டக் கூடாது. 78 என்று பெயர் இருந்தாலும் ஆரம்ப காலத் தட்டுகள் எல்லாம் அதே வேகத்தில் பதிவானவை அல்ல. நாடாப் பதிவுகள் கைமாறிக் கைமாறிப் படியெடுக்கப்பட்டதால் வேகம் கூடியோ குறைந்தோ இருக்கும்; சுருதியும் அதோடு மாறும். சோதிக்க ஒரு வழி உண்டு. பதிவின் அடியில் மின்சார இரைச்சல் கேட்டால் அதன் அதிர்வெண்ணை ஒலிமென்பொருளில் பாருங்கள். நம் நாட்டு மின்சாரத்துக்கு அது 50 ஹெர்ட்ஸ். 53 என்று காட்டினால் நாடா ஏறத்தாழ 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது, அதாவது சுருதி அரைக் கட்டை ஏறிக் கேட்கிறது. ஆனால் படியெடுத்தபோது சேர்ந்த இரைச்சலும் இருக்கலாம். அந்தப் பாடகரின் வேறு பதிவுகளோடு ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.

தேதிகளுக்கு நினைவைவிடத் தாளை நம்புங்கள். சுதேசமித்திரன் போன்ற பழைய நாளிதழ்களின் சபா விளம்பரங்களும், அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி இதழ்களும், இசைத்தட்டு நிறுவனங்களின் பட்டியல்களும் நல்ல ஆதாரம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் மியூசிக் அகாதெமி நூலகத்தையும், தஞ்சாவூரில் சரஸ்வதி மகாலையும் பார்த்துவிட்டு ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லுங்கள். கச்சேரி விவரத்தோடு கலைஞர் குடும்பத்தில் கிடைக்கும் கல்யாணப் பத்திரிகைகளில் பெரும்பாலும் தமிழ் வருடம்தான் இருக்கும். பிரபவ வருடம் தை மாதம் என்றால் 1927 ஆகாது. அந்த வருடம் 1927 ஏப்ரலில் தொடங்குகிறது, அதன் தை மாதம் 1928 ஜனவரியில் வருகிறது. அறுபது வருடச் சுழற்சி என்பதால் 1988ஆகவும் இருக்கலாம். வாசித்தவரின் வயதும் பத்திரிகையிலுள்ள கிழமையும் அதைத் தீர்க்கும். பேட்டி எடுத்தால் அந்த ஒலிப்பதிவையும் எழுத்துப் பிரதியையும் தனித்தனியே வையுங்கள். ஒரு செய்தியை இரண்டு பேர் சொன்னாலும், இருவரும் ஒரே குருவிடம் கேட்டதாக இருந்தால் அது ஒரே சாட்சிதான்.

அனுமதிகளை எழுதத் தொடங்கும்போதே கவனியுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் முடியும் வரை உரிமை நீடிக்கும். மும்மூர்த்திகளான தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோரின் சாகித்யத்துக்குத் தடையில்லை. பாடலாசிரியர் பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார், ஆகவே அவர் சாகித்யங்களுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. விமர்சனத்துக்காகச் சில வரிகளை மேற்கோள் காட்டுவது 52ஆவது பிரிவின்படி நியாயமான பயன்பாடு, முழுப் பாட்டையும் பின்னிணைப்பில் அச்சிடுவது அப்படியல்ல. புகைப்படம் உங்கள் கையில் இருப்பதால் அதை அச்சிடும் உரிமை வந்துவிடாது. எடுத்தவர் அல்லது அவர் வாரிசின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்.

பத்திரிகையில் நீங்கள் வெளியாளாக எழுதிய கட்டுரைக்கு, எழுதிக்கொடுத்து மாற்றாதவரை உரிமை உங்களுடையது. ஊழியராக இருந்து எழுதியிருந்தால் இதழில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு. பதிப்பாளரோடு ஒப்பந்தம் போடும்போது காலம், நிலப்பரப்பு, மின்னூல், ஒலிநூல் நான்கும் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமத்தொகை சதவீதம் விற்பனை விலையிலா, கழிவு போன பிறகா என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அச்சுக்கு 16 பக்கம் ஒரு படிவம் என்பதால் 160, 176, 192 என்று திட்டமிட்டால் வெற்றுப் பக்கங்கள் மிஞ்சாது. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வரும். அதற்குப் புத்தகம் வேண்டுமானால் கைப்பிரதி ஆகஸ்டுக்குள் தயாராகி, மெய்ப்பு இரண்டு சுற்று அக்டோபருக்குள் முடிய வேண்டும். மெய்ப்பில் ஒரு சுற்று முழுக்க ராகப் பெயர்களுக்கும் ஆட்பெயர்களுக்கும் மட்டும். தர்பார் ஒரு பக்கத்திலும் தர்பாரு இன்னொரு பக்கத்திலும் இருந்தால் அடைவு உடைந்துபோகும். அடைவு மூன்றாக இருக்கட்டும்: ராகம், உருப்படி, ஆட்பெயர். பதிப்பாளர் பக்கச் செலவைக் காட்டி வெட்டச் சொன்னால் ஒரு அத்தியாயத்தைக் கொடுத்தாவது அடைவைக் காப்பாற்றுங்கள். இசை நூலை முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை படிப்பவரைவிட, ஒரு ராகத்தைத் தேடித் திரும்பத் திரும்பத் திறப்பவர்களே அதிகம்.

சர்வதேசப் புத்தக எண் (ISBN) இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் முகமை வழியாக இலவசமாகக் கிடைக்கும், சொந்தமாக வெளியிடுபவரும் பெறலாம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான நூலின் பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் அனுப்ப வேண்டும். அனுப்பினாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வெளியான நாளிலிருந்தே திருத்தப் பிரதி ஒன்றைத் தனியே வைத்து, வாசகர்களும் கலைஞர் குடும்பங்களும் சுட்டும் பிழைகளை ஆதாரத்தோடு ஓரத்தில் எழுதி வாருங்கள். இரண்டாம் பதிப்புக்குப் பதிப்பாளர் அழைக்கும்போது ஒரு வார அவகாசம்தான் தருவார்.